விழித்திரைக்குள் சென்ற மரபணு

பகல் காட்சி பார்க்கச் சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்ததும் நமக்கு ஒன்றுமே தெரிவதில்லை. நாற்காலியைக் கையால் தடவித்தான் உட்காருகிறோம். சில நிமிடங்கள் சென்றால் பக்கத்தில் இருப்பவரின் முகமும் தெரியத் தொடங்குகிறது. அந்தச் சில நிமிடங்களில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது? இதை அறிந்துகொண்டால், பிறவியிலேயே பார்வை குன்றிய சில குழந்தைகளுக்கு ஒரு புதிய சிகிச்சை எப்படிப் பயன்பட்டது என்பதும் எளிதில் விளங்கும்.

விழித்திரையில் கோல் செல்கள், கூம்பு செல்கள் என இருவகைச் செல்கள் உள்ளன. மங்கிய ஒளியில் நமக்கு உதவுபவை கோல் செல்கள். இவற்றில் ரொடாப்சின் என்னும் நிறமி இருக்கிறது. ஆப்சின் என்னும் புரதமும், வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினால் என்னும் சிறு மூலக்கூறும் சேர்ந்ததே இந்நிறமி. ரெட்டினால் முதலில் வளைந்த வடிவில் இருக்கும். ஒளி பட்டதும் நிமிர்ந்துவிடும். இந்த மாற்றமே மூளைக்குச் செல்லும் செய்தியின் தொடக்கம். பார்வையில் வைட்டமின் ஏ-யின் பங்கை ஆராய்ந்த ஜார்ஜ் வால்டு, வேறு இருவருடன் சேர்ந்து 1967-இல் நோபல் பரிசு பெற்றார்.

நிமிர்ந்துவிட்ட மூலக்கூறு கோல் செல்லுக்கு மீண்டும் பயன்பட வேண்டுமானால், அதை மறுபடி வளைக்க வேண்டும். விழித்திரையின் பின்புறம் ஒட்டியுள்ள நிறமிப் படலத்தில் இவ்வேலை நடைபெறுகிறது. வளைத்துத் தரும் நொதியின் பெயர் ஆர்.பி.இ.65. கொட்டகையில் நாம் காத்திருக்கும் நேரத்தில், வெயிலில் செலவான நிறமி இவ்வாறு மீண்டும் சேருகிறது.

இந்த நொதியை உண்டாக்கும் மரபணுவே பழுதாகிவிட்டால்? தியோடர் லெபர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1869-இல் ஒருவகைப் பிறவிப் பார்வைக் குறைவை விவரித்தார். இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் ஏதேனும் ஒன்று பழுதானாலும் இந்நோய் வரலாம் என இன்று அறிவோம். அவற்றுள் ஒன்றுதான் ஆர்.பி.இ.65. தாய், தந்தை இருவரிடமும் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருந்தால் அவர்களுக்குப் பார்வை இயல்பாகவே இருக்கும். ஆனால் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பழுதான பிரதிகளும் வந்து சேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மெண்டலின் பட்டாணிச் செடிக் கணக்கே இங்கும் பொருந்துவதைக் கவனியுங்கள்.

மாலைக்கண்ணுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணில் வைட்டமின் ஏ போதாது. அதைக் கொடுத்தால் குணம் தெரியும். இந்தக் குழந்தைகளுக்கோ மூலப்பொருள் இருந்தும் அதை வளைக்கும் நொதி இல்லை. கீரையும் பப்பாளியும் எவ்வளவு தின்றாலும் இக்குறை தீராது. நாள் செல்லச் செல்ல ஒளியுணர் செல்களும் ஒவ்வொன்றாக அழியும். ஆகவே சிகிச்சைக்குக் கிடைக்கும் காலம் குறுகியது.

பழுதான மரபணு இருக்கும் செல்லுக்குள் நல்ல பிரதி ஒன்றைக் கொண்டுசேர்க்க முடியுமா? செல்லுக்குள் நுழைவதில் வைரஸ்கள் கைதேர்ந்தவை. நோய் எதையும் உண்டாக்காததாக அறியப்பட்ட ஒரு சிறு வைரஸை எடுத்து, அதன் மரபணுக்களை நீக்கி, அவ்விடத்தில் நல்ல மரபணுவை வைத்தார்கள். பிரியார்ட் என்ற நாயினத்தில் இதே மரபணுக் குறை இயற்கையாகவே உண்டு. அத்தகைய நாய்கள் இச்சிகிச்சையால் பார்வை பெற்றதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்டனர். சிகிச்சை பெற்ற கண்ணின் பக்கம் இருந்த பொருள்களை நாய்கள் விலகிச் சென்றன. மற்றப் பக்கத்தில் இருந்தவற்றின் மீது மோதிக்கொண்டன.

பிறகு மனிதர்களுக்கான சோதனைகள் 2007-இல் தொடங்கின. பிலடெல்பியாவில் ஜீன் பென்னட், ஆல்பர்ட் மகுவயர் ஆகியோரின் குழு 8 முதல் 44 வயது வரையுள்ள 12 பேருக்குச் சிகிச்சை அளித்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டது. பலன் உறுதியில்லாத சோதனை ஆதலால், ஒவ்வொருவருக்கும் பார்வை அதிகம் குறைந்திருந்த கண்ணில் மட்டுமே விழித்திரையின் அடியில் ஊசி மூலம் மருந்து செலுத்தினர். கெடுதல் நேர்ந்தாலும் மற்றக் கண் காப்பாற்றப்படும். பலன் உண்டா என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும் அந்தக் கண் உதவும்.

நால்வர் குழந்தைகள். தடைகள் நிறைந்த ஒரு பாதையில் அவர்களை நடக்கவிட்டனர். ஒரு கண்ணை மூடி ஒரு முறை, மறு கண்ணை மூடி ஒரு முறை எனச் சோதித்தனர். நான்கு குழந்தைகளும் பிறர் துணையின்றி நடக்கும் அளவுக்குப் பார்வை பெற்றனர். எட்டு வயதுக் குழந்தை ஒன்றின் கண், அதே வயதுள்ள இயல்பான குழந்தைகளின் கண்ணைப் போலவே ஏறக்குறைய ஒளியை உணர்ந்தது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குப் பலன் மிகுந்ததன் காரணத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்: காப்பாற்றத் தக்க செல்கள் இளம் கண்ணில் அதிகம் எஞ்சியிருந்தன.

பின்னர் நடந்த பெரிய சோதனையில் பாதையின் வெளிச்சத்தை 400 லக்ஸிலிருந்து 1 லக்ஸ் வரை படிப்படியாகக் குறைத்தனர். முன்னது நல்ல வெளிச்சமுள்ள அலுவலக அறையைப் போன்றது. பின்னது இரவு விளக்கின் மங்கல். ஓராண்டுக்குப் பின் சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர் 1 லக்ஸ் ஒளியில் தேறினர். சிகிச்சை பெறாத குழுவில் ஒருவரும் தேறவில்லை. அமெரிக்க அரசு இம்மருந்துக்கு 2017 டிசம்பரில் அனுமதி அளித்தது. அப்போது இரு கண்களுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்ட விலை 8,50,000 டாலர்!

விலை மட்டுமே தடையென்று எண்ண வேண்டாம். அழிந்துபோன செல்களை இச்சிகிச்சை உயிர்ப்பிக்காது. மங்கிய ஒளியில் நடமாட உதவும் அளவுக்கு, நுண்ணிய எழுத்தைப் படிக்கும் கூர்மையைத் தருவதில்லை. வேறு சில சோதனைகளில் பங்கேற்ற சிலருக்குப் பெற்ற பலன் சில ஆண்டுகளில் குறையத் தொடங்கியதாக 2015-இல் செய்திகள் வெளியாயின. மேலும் ஆர்.பி.இ.65 பழுதானவர்களுக்கே இம்மருந்து பொருந்தும். ஆகவே மரபணுச் சோதனை முதலில் தேவை.

ஒரு செய்தியை மட்டும் வீட்டில் சொல்லி வையுங்கள். கைக்குழந்தை முகம் பார்த்துச் சிரிக்காமல் விளக்கையே வெறித்துப் பார்த்தாலும், அடிக்கடி விரலால் கண்ணை அழுத்திக்கொண்டாலும், கருவிழி ஓயாமல் ஆடினாலும், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்தக் காரணத்தால் வந்த குறையானாலும், செல்கள் எஞ்சியிருக்கும்போது வந்து சேரும் குழந்தைக்கே மருத்துவரால் அதிகம் உதவ முடியும்.