கருமணலும் என்பும் கதிரொளியும்

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கரையிலே நடந்து சென்றோர் அங்குள்ள மணலின் நிறத்தைக் கண்டு வியந்திருப்பர். வெண்மணலையே கண்டு பழகிய நமது கண்ணுக்கு அது கரித்தூளைப் பரப்பியது போலத் தோன்றும். கையில் அள்ளினாற் சாதாரண மணலிலும் பாரமாயிருக்கும். வலிய காந்தமொன்றை அருகிற் கொண்டு சென்றால் அதன் கரிய மணிகள் காந்தத்தை நாடும்.

இம்மணலில் அடங்கிய ஒரு மூலகம் முறிந்த என்பைத் தாங்கி நிற்கின்றது. ஞாயிற்றின் ஒளியை மின்னாக்கும் கலங்களிலும் பணியாற்றுகின்றது. தைத்தேனியம் என்பது அதன் பெயர். தம்முள் யாதொரு தொடர்புமில்லாதன போலத் தோன்றும் இவ்விரு பணிகளையும் ஒரு பொருள் எவ்வாறு ஆற்றுகின்றது என்பதை ஆராய்வதே நமது நோக்கமாகும்.

மணலின் பிறப்பு

இலங்கையின் உள்நாட்டுப் பழம்பாறைகள் நெடுங்காலமாக வெயிலாலும் மழையாலும் சிதைந்து, ஆறுகள் வழியே கடலைச் சேர்ந்தன. பின்னர் அலை தன் தொழிலைத் தொடங்கிற்று. சாதாரண வெண்மணலின் அடர்த்தி நீரினும் ஏறத்தாழ 2.65 மடங்கு, கரிய இல்மனைற்றின் அடர்த்தியோ ஏறத்தாழ 4.7 மடங்கு. கரையேறும் அலை இரண்டையும் கொணரும். மீளும் அலை இலேசானதைக் கவர்ந்து, பாரமானதை விட்டுச் செல்லும். நமது தாய்மார் சுளகிலே தானியத்தைப் புடைத்து உமியைப் போக்குவதும் இவ்வகையினதே. வடகீழ்ப் பருவக் காற்றுக் காலந்தோறும் கடல் இப்படிவைப் புதுப்பித்தும் வருகின்றது.

இம்மணலிற் பெரும்பங்கு இல்மனைற்று. உரூற்றைல், சேர்க்கன் என்பனவும் உள. இல்மனைற்றில் இரும்பணு ஒன்றும் தைத்தேனிய அணு ஒன்றும் ஒட்சிசன் அணு மூன்றும் என்ற விகிதம் உண்டு. அவற்றின் அணுநிறைகளை முறையே 56, 48, 16 எனக் கொண்டால் மொத்தம் 152 ஆகும். ஆகவே தூய இல்மனைற்றின் நூறு பங்கில் 31½ பங்கு தைத்தேனியம் என்பதை மாணவர் தாமே கணித்தறியலாம்.

இம்மூலகம் முதன்முதலிற் கண்டறியப்பட்டதும் ஒரு கருமணலிலேயே. 1791ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோண்வாலிலே வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார் தமது ஊர் மணலை ஆராய்ந்து, அதிற் புதிய உலோகமொன்று உண்டெனக் கூறினார். 1795இல் மார்ட்டின் கிளப்புரோத் என்னும் செருமானிய இரசாயனர் கிரேக்கப் புராணத்துத் தைத்தானியரின் பெயரை அதற்கு இட்டார்.

ஒட்சிசனுடன் கொண்ட உறவு

பெயரிட்டாயிற்று, ஆயினும் உலோகத்தைப் பிரித்தெடுப்பது எளிதாக இருக்கவில்லை. இரும்புத் தாதைக் கரியுடன் உருக்கினால் இரும்பு கிடைக்கும். தைத்தேனியமோ கரியுடனும் கூடிவிடும். காற்றுடன் சூடாக்கினால் ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சி நொறுங்குந் தன்மை அடையும். இலட்சம்பேர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் என்பார், தாதிலிருந்து பெற்ற தைத்தேனியக் குளோரைட்டை, காற்றை விலக்கிய கலத்திலே மகனீசியத்தால் தாழ்த்தும் முறையை வகுத்து, 1940இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் தொழிற்சாலைகளிற் பெரிதும் கையாளப்படுவது அம்முறையே.

இவ்வளவு பாடுபட்டு ஒட்சிசனை நீக்கிய பின்னரும், உலோகம் காற்றிற் பட்டவுடன் அதன் மேற்பரப்பிலே மெல்லிய ஒட்சைட்டுத் தோலொன்று மீண்டும் படிந்துவிடுகின்றது. அதன் தடிப்புச் சில நனோமீற்றரே. அதாவது ஒரு மில்லிமீற்றரை ஓரிலட்சம் கூறாக்கினால் ஒரு கூறினும் குறைந்தது. இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளிரும்பை மேலும் அரிப்புக்கு ஆளாக்கும். தைத்தேனியத்தின் தோலோ இறுகப் பற்றி நின்று உள்ளுலோகத்தைக் காக்கும். கீறினால் உடனே மீண்டும் வளரும். நாம் கூறப்போகும் இரு பணிகளுக்கும் இந்த ஒட்சைட்டே திறவுகோலாகும்.

என்பைத் தாங்கும் உலோகம்

என்பு முறிந்தவிடத்துச் செய்யவேண்டியவை மூன்று: விலகிய முனைகளைச் சேர்த்தல், சேர்ந்தவற்றை அசையாது பிடித்தல், அயலிலுள்ள மூட்டை விரைவில் இயங்கச் செய்தல். நமது முறிவு நெரிவு வைத்தியர் என்பைப் பொருத்திப் புக்கை கட்டி, மட்டை வைத்து இறுக்கும்போது முதலிரண்டையுமே செய்கின்றனர். முன்கையிற் போன்ற சில முறிவுகளுக்கு வெளிக்கட்டுப் போதுமாகலாம். வயது முதிர்ந்த ஒருவருடைய தொடையென்பின் கழுத்து முறிந்தாலோ தசைகள் சூழ்ந்த அவ்விடத்தை வெளிக்கட்டினால் நிலைநிறுத்தல் இயலாது. அவர் மாதக்கணக்கிற் கிடையாகக் கிடக்க நேரின் படுக்கைப் புண்ணும் நுரையீரல் அழற்சியும் குருதிக் கட்டியும் வந்தடையும். என்பு முறிவு கொல்லாத பலரைப் படுக்கை கொன்றதுண்டு. ஆதலின் உள்ளிருந்து பிடித்தல் வேண்டியதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனிலே ஆபத்நொட் லேன் என்னும் சத்திரவைத்தியர் உருக்குத் தகடுகளையும் திருகாணிகளையும் இதற்குக் கையாண்டார். ஆயினும் உடலின் நீர் உப்பும் வெம்மையும் உடையது. கடல்நீரைப் போன்று உலோகத்தை அரிக்கவல்லது. அக்காலத்து உருக்கு உடலினுள்ளே அரிக்கப்பட்டது. பின்னர் வந்த கறையில் உருக்கு இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. 1958இற் சுவிற்சர்லாந்துச் சத்திரவைத்தியர் சிலர் ஒரு குழுவாகக் கூடி, உள்நிலைநிறுத்தலுக்கான நெறிகளை வகுத்தனர். குருதியோட்டத்தைச் சிதைக்காமை, நோயாளியை விரைவில் இயங்கச் செய்தல் ஆகியன அவற்றுட் சேர்ந்தவை.

தைத்தேனியம் என்புடன் பகையாது என்பதை 1940இல் விலங்குகளிற் செய்த சோதனை காட்டிற்று. 1952இற் சுவீடனின் லுண்ட் நகரிலே பேர்-இங்குவார் பிரோனமார்க் என்பார் முயலின் என்பிற் குருதியோட்டத்தை ஆராய்வதற்காகத் தைத்தேனியக் கூடொன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து அதனைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. என்பு அதனுடன் ஒன்றி வளர்ந்திருந்தது. அதனைத் தடையென்று மாத்திரம் எண்ணாது, ஏன் ஒன்றிற்று என்று அவர் வினாவினார். 1965இல் மனிதரின் தாடையிலே தைத்தேனிய வேர்கள் பொருத்திப் பல் அமைக்கும் முறை அவ்வினாவின் விடையாகப் பிறந்தது. என்பைத் தொடுவது உண்மையில் உலோகமன்று. அதன் ஒட்சைட்டுத் தோலே. அது கரைவதில்லை, அதன்மேற் கல்சியமும் பொசுபேற்றும் புரதங்களும் படிய, என்புக் கலங்கள் அதன்மீது தமது கட்டடத்தை எழுப்புகின்றன.

இன்னொரு நன்மையும் உண்டு. என்பு சுமையைத் தாங்குமிடத்து வலுப்பெறும்; சுமை நீங்குமிடத்து மெலியும். இதனை 1892இல் யூலியசு வுல்ப் விளக்கினார். உருக்கின் விறைப்பு என்பினது விறைப்பிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு. தைத்தேனியத்தினது ஏறத்தாழ ஆறு மடங்கு. ஆதலின் தைத்தேனியத் தகடு என்பின் சுமையைக் குறைவாகவே பறிக்கின்றது.

குறைகளையும் மறைத்தலாகாது. ஒன்றோடொன்று உராயும் பரப்பிலே தைத்தேனியம் விரைவில் தேயும். இதனாற் செயற்கை இடுப்பு மூட்டில் என்பினுட் செல்லும் தண்டு தைத்தேனியமாயினும் உருளும் தலை கோபாற்றுக் கலப்புலோகமாகவோ பீங்கான் வகையாகவோ இருக்கும். பின்னர்க் கழற்றவேண்டிய தகடுகளில் என்பு ஒன்றிவிடுவதும் இடையூறே.

ஒளியை மின்னாக்கும் ஒட்சைட்டு

தோலாக நின்ற அதே ஒட்சைட்டைத் தூளாக எடுத்தால் அது தூய வெண்ணிறமுடையது. உலகில் எடுக்கப்படும் தைத்தேனியத் தாதின் பெரும்பகுதி இவ்வெண்ணிறப் பொடியாகிச் சுவர்ப் பூச்சிலும் தாளிலுஞ் சேர்கின்றது. இப்பொடி ஒரு குறைகடத்தி. ஆயினும் அதன் இலத்திரனை விடுவிக்கக் கழியூதாக் கதிரின் சக்தி வேண்டும். ஞாயிற்றொளியில் அக்கதிர் நூற்றுக்கு ஐந்து பங்களவே. கட்புலனாகும் ஒளியை அது ஏற்பதில்லை. வெண்ணிறமாயிருப்பதன் காரணமும் அதுவே.

இத்தடையை வெல்ல இலை வழிகாட்டிற்று. இலையில் ஒளியை ஏற்பது பச்சையம். அதனாற் பெறும் இலத்திரனைக் கொண்டு செல்வன வேறு பொருள்கள். 1991இற் சுவிற்சர்லாந்திலே பிரையன் ஓ’றீகன், மிக்கேல் கிரெற்செல் என்னும் இருவர் நுண்ணிய ஒட்சைட்டு மணிகளாலான படலத்திலே சாயமொன்றை ஏற்றினர். சாயம் ஒளியை விழுங்கி இலத்திரனை ஒட்சைட்டுக்கு ஈந்தது. அயடீன் கரைசல் சாயத்தின் இழப்பை ஈடு செய்தது. ஒளிச்சக்தியில் நூற்றுக்கு ஏழு பங்களவு மின்னாயிற்று. ஈண்டும் ஒட்சைட்டின் சிறப்பு ஒன்றே: தான் கெடாது, பெற்றதைக் கடத்துதல்.

கரைசல் கசியும், ஆவியாகும். அதற்கீடாகத் திண்மப் பொருளொன்றை வைத்தல் வேண்டும். 1995இற் பேராசிரியர் கீர்த்தி தென்னகோனும் அவருடன் உழைத்தோரும் செப்பு அயடைட்டைக் கொண்டு அத்தகைய திண்மக் கலத்தை ஆக்கினர். அவ்வாய்வு நடைபெற்றது கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திலே என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

2009இல் யப்பானிய அறிஞர் சுற்றோமு மியாசக்காவும் அவர் குழுவினரும் சாயத்தினிடத்திற் பெரோவிசுக்கைற்று அமைப்புடைய ஈயச் சேர்வையை வைத்தனர். அப்பெயரும் 1839இல் யூரல் மலையிற் கண்ட ஒரு தைத்தேனியக் கனிமத்தின் பெயரே. தொடக்கத்தில் நூற்றுக்கு 3.8 பங்காயிருந்த திறன் பின்னர் ஆய்வுகூடங்களில் 25ஐக் கடந்துவிட்டது. ஆயினும் ஈரம் அதனைக் கெடுக்கும், ஈயம் நஞ்சு. நமது கூரைகளிற் காணும் பலகைகள் இன்றும் பெரும்பாலும் சிலிக்கனாலானவையே.

நமக்குரிய பாடம்

கனிய மணலை எடுப்பதற்கென அரசாங்கம் 1957இற் கூட்டுத்தாபனம் அமைத்தது. அன்று தொட்டு அம்மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளது. வெண்பொடியையும் என்புத் தகட்டையும் நாம் பிறநாடுகளிலிருந்து விலைக்கு வாங்குகின்றோம். மணல் நம்மிடம் உண்டு. அதன் மேற்றோலைப் பற்றிய அறிவே விலைமதிப்பைத் தருகின்றது. அவ்வறிவு நம்மால் இயலாததன்று என்பதற்குக் கண்டி ஆய்வு சான்று.

அதன் தொடக்கம் பாடசாலை ஆய்வுகூடத்தில் அமையலாம். மின்கடத்தும் கண்ணாடித் துண்டிரண்டு, சிறிது தைத்தேனிய ஒட்சைட்டு, செவ்வரத்தம்பூவின் சாறு, அயடீன் கரைசல், பென்சிற்கரி, ஒட்சைட்டைச் சுட ஓர் உலை ஆகியன இருப்பின் மாணவர் ஒரு சாயக் கலத்தைத் தாமே ஆக்கலாம். ஒரு உவோற்றின் பாதியளவுதானும் அது தராது. மானியின் முள் அசைவதைக் காண அதுவே போதும். விழாக்காலத்திலே கல்லூரிக்கு யாது செய்வோம் என வினாவும் பழைய மாணவர் இவற்றை வாங்கி உதவுவாராயின், கருமணலை நாளை வேறு கண்கொண்டு நோக்கும் சிலரையேனும் நாம் உருவாக்கியவராவோம்.