எட்டு மாதக் கார் நடுரோட்டில் நிற்கலாமா?

கேள்வி: ஐயா, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். எட்டு மாதத்துக்கு முன் வீட்டு உபயோகத்துக்காக 15 லட்ச ரூபாயில் டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கினேன். பெரிய திரை, கேமரா, தானே பிரேக் போடும் வசதி எல்லாம் உண்டு. தினமும் வீட்டிலிருந்து யூனிட்டுக்கு 3 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். சில சமயம் பத்து நாள்கூட எடுக்காமல் நிற்கும். அவிநாசி ரோடு சிக்னலில் இரண்டு முறை, தானாக அணைந்த இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. மீட்டரில் எல்லா விளக்கும் எரிந்தன, திரை கருத்துவிட்டது. போன மாதம் காங்கேயம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. உள்ளே குழந்தைகள், பின்னால் லாரி. சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம், ஃபால்ட் ஒண்ணும் இல்ல" என்கிறார்கள். "மேடம், நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்றும் ஒருவர் சொன்னார். வாங்கிய மறுவாரமே வெளிக்கடையில் டேஷ் கேமராவும் கலர் லைட்டும் மாட்டினோம். அப்பாவின் பழைய கார் இப்படி நின்றதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் "சென்சரையெல்லாம் கழற்றிப் போடுங்கள்" என்கிறார். விற்றுவிடலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் ஓட்டும் விதத்துக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. கியரை மாற்றுவதும் சிக்னலில் இன்ஜினை அணைப்பதும் கம்ப்யூட்டர் செய்கிற வண்டி இது. ஓட்டுபவர் மேல் பழி போடுவது, காரணம் தேடும் வேலையைத் தட்டிக்கழிக்கும் வழி. எனக்கு அது கோபத்தைத்தான் தருகிறது.

விற்பதைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு இல்லை, அநேகமாக இரண்டு. சிக்னலில் நின்றது ஒன்று, ஓட்டத்தில் நின்றது இன்னொன்று. சர்வீஸ் சென்டர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அப்டேட் என்று சீட்டு ஒட்டிவிட்டது.

சிக்னல் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் பேட்டரி மேல். இன்றைய காரில் டஜன் கணக்கில் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சோறு போடுவது அந்த 12 வோல்ட் பேட்டரிதான். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் வோல்டேஜ் அளவுக்கு மீறி விழுந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அணைந்து அணைந்து எழும், திரை கருக்கும். ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் என்று எல்லா விளக்கும் சேர்ந்து எரியும். பார்க்கிறவருக்கு வண்டி முழுக்கக் கெட்டுவிட்டதுபோல் தோன்றும். பத்து பாகங்கள் ஒரே நொடியில் கெடுவது அபூர்வம், அவற்றுக்கு வரும் கரண்ட் கெடுவதுதான் சகஜம்.

எட்டு மாதப் பேட்டரி எப்படிச் சோரும்? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக இப்போதைய ஆல்டர்னேட்டர் பேட்டரியை எப்போதும் முழுதாக நிரப்புவதில்லை. வேகம் குறைக்கும் நேரங்களில்தான் அதிகம் ஏற்றும். 3 கிலோமீட்டரில், அதுவும் ஏசி போட்டுக்கொண்டு ஓட்டினால், ஸ்டார்ட் செய்யச் செலவானதே திரும்பி வருவது சந்தேகம். இதோடு டேஷ் கேமராவைச் சேருங்கள். நிறுத்திய வண்டியையும் காவல் காக்கும் பார்க்கிங் மோடில் அது 250 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் ஹவர், பத்து நாளில் 60. உங்கள் காரின் பேட்டரியே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். நல்ல நிலையில் உள்ள கார் பூட்டியபின் எல்லாம் உறங்கியதும் 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும்.

இன்னொன்று, வெளிக்கடைக்காரர்களில் பலருக்குத் தெரியாதது. சிக்னலில் தானாக அணையும் கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே ஒரு சென்சர் இருக்கும். எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்று கணக்கு வைப்பது அது. கேமராவின் எர்த் ஒயரை பாடியில் தராமல் நேரே அந்த முனையிலேயே கட்டிவிட்டால், அந்தச் செலவு சென்சரின் கண்ணில் படாது. பேட்டரி தெம்பாக இருப்பதாக நம்பி கம்ப்யூட்டர் சிக்னலில் இன்ஜினை அணைக்கும். மறுபடி எழுப்பப் போகும்போது சத்து இருக்காது. உங்களுக்கு நடந்தது இதுதான் என்று காரைப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

பானெட்டைத் திறந்து, வெளிக்கடை ஒயர்கள் எங்கே முடிகின்றன என்று யாரையாவது ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில் மல்ட்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. அந்தக் கேமராவையும் லைட்டையும் முழுதாகத் துண்டித்துவிட்டுப் பேட்டரியைச் சார்ஜரில் போட்டு நிரப்பி, இரண்டு வாரம் ஓட்டுங்கள். அதுவரை சிக்னலில் அணையும் வசதியை, காரை எடுக்கும்போதெல்லாம் பட்டன் அழுத்தி நிறுத்திவையுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது ஊத்துக்குளி, பல்லடம் என்று அரை மணி நேர ஓட்டம் கொடுங்கள்.

காங்கேயம் ரோட்டில் நடந்தது வேறு. ஓடும் காருக்குக் கரண்ட் கொடுப்பது ஆல்டர்னேட்டர். சோர்ந்த பேட்டரி மட்டும் ஓட்டத்தில் இன்ஜினை அணைப்பது அரிது. எர்த் இணைப்பு தளர்ந்திருக்கலாம், கனெக்டரில் ஈரம் இறங்கியிருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம், எரிபொருள் பம்ப் மக்கர் செய்யலாம். 2020 முதல் டென்சோ என்ற நிறுவனம் தயாரித்த எரிபொருள் பம்புகளுக்காக டொயோட்டா, ஹோண்டா உட்படப் பல நிறுவனங்கள் உலகெங்கும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தன. பம்புக்குள் இருக்கும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, இறுகி நின்றுவிடும். அத்தனை பெரிய பெயர்களுக்கே அது நேர்ந்தது. எனவே உங்கள் காருக்கு ரீகால் ஏதும் உண்டா என்று சேஸி எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். காரணம் தெரியும்வரை குழந்தைகளோடு ராத்திரியில் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். மறுபடி அப்படி நின்றால் பிரேக் ஓரிரு மிதிக்குத்தான் இளகி இருக்கும், ஸ்டீயரிங் கனக்கும். ஹசார்ட் விளக்கைப் போட்டு, விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாகப் பிரேக்கை அழுத்தி இடது ஓரம் ஒதுங்குங்கள்.

அப்பாவின் கார் பற்றி எழுதியதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். அந்த சென்சர்களில் பல உங்கள் குழந்தைகளின் உயிருக்குக் காவல். தொழில்நுட்பம் கூடினாலே கோளாறு கூடும் என்பதும் முழு உண்மையில்லை. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், மின்சாரக் கார்களில் பெட்ரோல் கார்களைவிட 79 சதவீதம் அதிகக் கோளாறுகள். ஆனால் இன்ஜின், மோட்டார் இரண்டையும் சுமக்கும் ஹைப்ரிட் கார்களில் 26 சதவீதம் குறைவு. காரணம், 1997-ல் ஜப்பானில் டொயோட்டாவின் ஹைப்ரிட் கார் ப்ரியஸ் வந்ததிலிருந்து ஹைப்ரிட்டைத் திருத்தித் திருத்திப் பழக்கியிருக்கிறார்கள். அவசரமாகச் சந்தைக்கு வரும் புதுச் சரக்குதான் படுத்துகிறது. நம் ஊர்ப் பக்கமே பாருங்கள்: ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் ஆலையில் பூட்டப்பட்ட ஐயோனிக் 5 மின்சாரக் காரில் 1,744 வண்டிகளை 2024-ல் திரும்ப அழைத்தார்கள். சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் பாகம் கெட்டால் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் போகாது. அடியில் அத்தனை பெரிய பேட்டரி இருந்தும் கார் நின்றுவிடும்.

இனி சர்வீஸ் சென்டர். "ஃபால்ட் இல்லை" என்ற வார்த்தையை ஏற்காதீர்கள். கோளாறு நடந்த நொடியின் வேகம், இன்ஜின் சுற்று, வோல்டேஜ் போன்றவற்றைப் ஃபால்ட் கோடுகள் எனப்படும் பழுதுக் குறியீடுகளோடு கம்ப்யூட்டர் சேர்த்துப் பதிந்து வைக்கும். அழிப்பதற்கு முன் அதன் அச்சுப்பிரதியைக் கேளுங்கள். யூ என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள் நிறைய இருந்தால், கம்ப்யூட்டர்களுக்கிடையே பேச்சு அறுந்தது என்று பொருள். அப்போது பேட்டரியையும் ஒயரிங்கையும் நோண்டியே ஆக வேண்டும். வெளிக்கடை வேலையைக் காட்டி வாரண்டியே இல்லை என்று மிரட்டலாம். அந்த ஒயர்தான் காரணம் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்; அதைக் கழற்றிய பிறகும் கார் நின்றால் அந்தச் சாக்கும் போய்விடும்.

நம் நாட்டில், அமெரிக்காவில் உள்ளதுபோல் திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் காரை மாற்றித் தரும் தனிச் சட்டம் கிடையாது. அது எனக்குப் பெரிய வருத்தம். 2006-ல் உச்ச நீதிமன்றமும் மாருதி உத்யோக் தொடர்பான வழக்கில், பாகத்தை மாற்றித் தீர்க்கக்கூடிய பழுதுக்கு முழு வண்டியை மாற்ற உத்தரவிட முடியாது என்றது. ஆகவே எடுத்த எடுப்பில் புதுக் கார் கேட்டு நிற்க வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பிறகும் அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 10 முதல் 20 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய், காலக்கெடு இரண்டு ஆண்டு. கார் யூனிட் பெயரில் பதிவாகியிருந்தால், வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதை வக்கீலிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இப்போது விற்க வேண்டாம். எட்டு மாதக் காரை விற்றால் சில லட்சங்கள் கைவிட்டுப் போகும். காரணம் தெரியாத பழுதை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. அடுத்த முறை சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, "ஓட்டத்தில் இன்ஜின் நின்றது" என்று தேதியோடும் இடத்தோடும் உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த நகல் கைக்கு வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.