ஆசிட் தொட்டி வேலை: தெரிந்து செய்வோம்

கம்பி இழுக்கும் பட்டறைக்குக் கூலிக்குப் போகிறவர்களுக்காக இந்தப் பாடம்.

ஆணி, கட்டுக்கம்பி, வேலிக்கம்பி எல்லாம் பெரும்பாலும் 5.5 மி.மீ. இரும்புக் கம்பிச் சுருளை இழுத்து மெலிதாக்கிச் செய்பவை. சூடாக உருட்டி வரும் அந்தச் சுருளின் மேல் கருப்புச் செதில் படிந்திருக்கும். அப்படியே இழுத்தால் அச்சு தேயும், கம்பியில் கீறல் விழும். அதனால் முதலில் இப்படிப் பதப்படுத்துவார்கள்:

1. ஆசிட்டில் முக்கிச் செதிலை நீக்குவது.
2. தண்ணீரில் நன்றாக அலசுவது.
3. சுண்ணாம்புத் தண்ணீரில் முக்குவது. மிச்ச ஆசிட்டை இது முறிக்கும். இழுக்கும்போது போடுகிற சோப்புத் தூளும் இந்தப் பூச்சில்தான் பிடிக்கும்.
4. சூட்டில் உலர்த்துவது. ஆசிட்டால் கம்பிக்குள் புகுந்த ஹைட்ரஜன் வெளியேறும். தங்கிவிட்டால் கம்பி பட்டென்று முறியும்.

நாம் மறக்கக்கூடாதவை:

* ஆசிட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். தண்ணீரில்தான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.
* மேலே பட்டால் துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆசிட்டை முறிக்கும் என்று தோலில் சுண்ணாம்பு தடவாதீர்கள். புண் அதிகமாகும்.
* ஆசிட் புகை நுரையீரலைக் கெடுக்கும். முந்தானையால் மூக்கை மூடினால் போதாது. புகை வெளியேற வழி வேண்டும்.

ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, தொட்டி பக்கத்தில் தண்ணீர்க் குழாய்: இந்த நான்கும் உங்கள் பட்டறையில் உண்டா? அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள். இல்லாததை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, முதலாளியிடம் சேர்ந்தே போய்க் கேட்போம்.