முதலில் கதவைக் கேளுங்கள்

இருபது வருஷம் நேரில் உட்கார்ந்தே கவுன்சலிங் செய்து பழகியவள் நான். 2020 ஊரடங்குதான் என்னைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தது, விரும்பிப் போகவில்லை. இப்போது பயிற்சி முடித்து வரும் பிள்ளைகளில் பலர் தங்கள் முதல் ஆளையே வீடியோவில்தான் பார்க்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்லிவருவது இது.

1. "எப்படி இருக்கீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இப்ப எங்கேருந்து பேசுறீங்க, கதவு சாத்தியிருக்கா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" இதுதான் முதல் கேள்வி. நம் அறைக்கு வந்தவருக்குச் சாத்திய கதவை நாம் கொடுத்தோம். இங்கே அறை அவருடையது, அதில் அவர் வீட்டார் எல்லோரும் இருக்கிறார்கள். இரண்டு அறை வீட்டில் ஒருவர் கதவைச் சாத்தினாலே "உள்ளே என்ன பண்றே?" என்று குரல் வரும். அதனால்தான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலிலிருந்தும், நிறுத்திவைத்த காருக்குள்ளிருந்தும், ஆபீஸ் மாடிப்படியிலிருந்தும் பேசுகிறார்கள். வண்டி ஓட்டிக்கொண்டே பேசினால் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். முடியாதென்றால் வேறு நேரம் கொடுங்கள்.

இயர்போன் பாதிதான் காப்பாற்றும். உங்கள் குரல் வெளியே போகாது, அவர் குரல் போகும். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்வியைத் திருப்பிக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் நாளே ஒரு குறிச்சொல்லும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பேசிவந்த ஒரு பெண் "அந்தக் குக்கர் காஸ்கெட் வந்துடுச்சா?" என்றால் மாமியார் அறைக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். "நாளைக்கு வந்துடும்மா" என்பேன், பேச்சு அத்தோடு நிற்கும். வீட்டில் அடி வாங்குகிறவருக்கு இது விளையாட்டு இல்லை.

2. முழு முகவரியும், கூப்பிட்டால் ஓடிவரக்கூடிய ஒருவரின் எண்ணும் வாங்காமல் முதல் அமர்வைத் தொடங்காதீர்கள். போன வாரம் இருந்த ஊரிலேயே இந்த வாரமும் இருக்கிறார் என்று நினைக்காமல் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். அவர் பெங்களூரில் இருக்கும்போது நீங்கள் சென்னையிலிருந்து அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். அவர் ஊர்க் காவல் நிலைய எண்ணையும் பக்கத்து ஆஸ்பத்திரி எண்ணையும் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

3. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும், யாரோ கேட்டார்களே என்று மூச்சுவிடுகிறார்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தை இணையத்தில் அனுப்பிவிட்டு ஆற அமர மதிப்பெண் கூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 27-க்கு வெறும் 6 வந்திருக்கலாம். ஆனால் சாவு எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்வியில் பூஜ்யம் இல்லையென்றால் அன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். அந்தப் படிவத்தை உங்கள் கண் முன்னால் நிரப்பச் சொல்லுங்கள்.

போலீஸ் கேஸாகிவிடுமோ என்று வீட்டார் தற்கொலை முயற்சியை மறைப்பார்கள். வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு. அதைச் சொல்லிப் புரியவையுங்கள். நீங்கள் தூங்கும் நேரத்துக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் அது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை அவர் தன் கைபேசியில் சேமிப்பதைப் பார்த்த பிறகு அமர்வை முடியுங்கள்.

4. நாம் மருந்து எழுதுகிறவர்கள் இல்லை. காதில் குரல் கேட்கிறது என்பவரையும், நாலைந்து நாளாகத் தூங்காமல் உற்சாகமாகவே இருப்பவரையும் மனநல மருத்துவரிடம் நேரில் அனுப்புங்கள். தினமும் நிறையக் குடிப்பவரிடம் "இன்னையோட நிறுத்திடுங்க" என்று திரையில் சத்தியம் வாங்காதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

5. திரையில் மௌனம் நெட்வொர்க் கோளாறாகிவிடுகிறது. நேரில் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் அவர் அழுவார், இங்கே "மேடம், கேக்குதா?" என்பார். "இங்கதான் இருக்கேன், நிதானமா சொல்லுங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு, பிறகு சும்மா இருங்கள். உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதி நேரம் உங்கள் தலைமுடியைத்தான் பார்ப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். கழுத்துக்குக் கீழே நமக்குத் தெரியாது. ஆடும் காலும் துப்பட்டா நுனியைத் திருகும் விரலும் போய்விட்டன. "இப்ப உடம்புல எங்க என்ன பண்ணுது?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீடியோவே வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். குரல் மட்டும் வரும்போது மூச்சு நன்றாகக் கேட்கும்.

6. அமெரிக்காவிலிருந்து ஒருவர் "தமிழ்ல பேசி அழணும்போல இருக்கு" என்பார். மனம் இளகும். ஆனால் அங்கே சிகிச்சை உரிமம் மாநிலவாரியானது, பேசுகிறவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்தின் சட்டம் பார்க்கப்படும். விசாரிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

7. கட்டணம், நேரம், ரத்து விதி எல்லாம் முதலிலேயே எழுத்தில். அமர்வைப் பதிவு செய்வதில்லை என்பதும் இருபக்கமும் எழுத்தில். இரவு பதினொரு மணி வாட்ஸ்அப்புக்குப் பதில் போட்டால் நாளை பன்னிரண்டு மணிக்கும் வரும்.

8. முன்பெல்லாம் என்னிடம் பேசிவிட்டுப் போகிறவருக்கு ஒரு பஸ் பயணம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்வார். இப்போது கைபேசியை அணைத்தவுடன் கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை நிற்கிறது, அடுப்பில் பால் பொங்குகிறது. அதனால் ஐம்பது நிமிஷத்தில் கடைசிப் பத்தைப் பெரிய விஷயம் எதையும் கிளறாமல் விடுங்கள். "வெச்சதும் என்ன செய்யப் போறீங்க?" என்று கேளுங்கள். முகம் கழுவுகிறேன் என்பார், செடிக்குத் தண்ணி ஊற்றுகிறேன் என்பார். அதைச் செய்யக் கால் மணி நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களும் அடுத்தவரை உடனே எடுக்காமல் தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள்.