ரியாத்தில் 45, வேலூரில் 41: எந்த வெயில் கொடியது?

கேள்வி: என் மகன் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் சூப்பர்வைசராக இருக்கிறான். ரியாத்தில் வேலை கிடைத்து, வரும் ஜூன் மாதம் கிளம்புகிறான். அங்கே 45 டிகிரி அடிக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவன் அம்மாவுக்குத் தூக்கமில்லை. அவனோ, “வேலூர் கத்திரி வெயிலையே பார்த்தாச்சு, இதென்ன பெரிசு” என்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகள், அங்கே 32 டிகிரிதான், ஆனால் தாங்க முடியவில்லை என்று புலம்புகிறாள். ஊருக்கு ஊர் வெயிலை எதை வைத்துத்தான் ஒப்பிடுவது?
– வாசகர், காவேரிப்பாக்கம்

பதில்: மகன் சொல்வது பாதி உண்மை. தங்கை மகள் சொல்வது முழு உண்மை. அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

சித்திரை மாதத்தில் உங்கள் வீட்டு மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். ஐப்பசி அடைமழையில் அதே பானை அப்படிக் குளிர்விப்பதில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், பானையின் மேல் கசியும் நீர் ஆவியாக இடமில்லை. நம் உடம்பும் வியர்வையை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வியர்வை வழிவதால் பயனில்லை, காய வேண்டும்.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால், அந்தக் காற்றில் நீர் ஆவியாகி எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது காட்டிவிடும். இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறோம். நீங்கள் சொன்ன ஊர்களுக்கும், கூடவே துபாய்க்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரியாத்தில் 45 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 21. சிங்கப்பூரில் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் சுமார் 28. மே மாத வேலூரில் 41 டிகிரி, 30 சதவீதம் என்றால் சுமார் 27. துபாயில் ஆகஸ்ட் மாதம் பொழுது சாய்ந்தபின் கடல் ஈரம் ஏறி 35 டிகிரி, 65 சதவீதம் என்று நிற்கும்போது 29ஐத் தாண்டுகிறது. வியர்வை காய்வதை மட்டும் வைத்துப் பார்த்தால் ரியாத்தின் உச்சி வெயிலைவிட துபாயின் அந்திப் பொழுதுதான் கடினம். நம் வேலூரும் சிங்கப்பூருக்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

அப்படியானால் ரியாத் சுலபம் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. காற்று 45ல் இருக்கும்போது, வீசுகிற காற்றே உடம்புக்குள் சூட்டை ஏற்றும். மின்விசிறியும் அப்போது அனல்காற்றைத்தான் வீசும். வியர்வை தோலில் தெரிவதற்குள் காய்ந்துவிடுவதால், “எனக்கு வியர்க்கவே இல்லையே” என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போன நம் ஆட்கள் பலர் சிறுநீரகக் கல்லோடு திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடிக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலே தண்ணீர் குறைந்துவிட்டது என்று பொருள். இதை மகனிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

அடுத்து, இரவு. பாலைவனத்தில் பகல் கொதிக்கும், ராத்திரி குளிரும் என்று படித்திருப்போம். ரியாத்தின் கோடைக்கு அது பொருந்தாது. ஜூலையில் அங்கே விடியற்காலைச் சூடே 29 டிகிரியை ஒட்டி இருக்கும். பகலில் வெந்த கான்கிரீட் இரவெல்லாம் சூட்டை வெளியே விடுகிறது. துபாயில் இன்னும் ஒரு டிகிரி கூடும். மே மாத வேலூரில் 27 அளவுக்காவது இறங்கும். உடம்பு தேறுவது தூக்கத்தில்தான் என்பதால், ஓர் ஊரின் வெயிலை எடைபோட நான் உச்ச வெப்பத்துக்கு முன்னால் இரவின் குறைந்த வெப்பத்தைத்தான் பார்ப்பேன். மகன் தங்கப்போகும் அறையில் ஏசி இருக்கிறதா, ஓர் அறைக்கு எத்தனை பேர் என்று இப்போதே விசாரித்துவிடுங்கள்.

வேலூர், திருத்தணி பக்கம் ஏன் இப்படிக் காய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் அட்சரேகை 13 டிகிரியை ஒட்டியது. ஏப்ரல் 25 வாக்கில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. சென்னைக்குக் கடற்காற்று மதியமே வந்து கைகொடுக்கும். உள்ளே தள்ளி இருக்கும் நமக்கு அது வந்து சேர்வதற்குள் பொழுது போய்விடும். மேற்கேயிருந்து மேட்டு நிலத்தைக் கடந்து இறங்கும் காற்றும் வறண்டு, சூடேறித்தான் வருகிறது. சுற்றிலும் பாறைக் குன்று, வறண்ட பாலாற்று மணல். கடற்காற்று தாமதித்த ஒரு நாளில் சென்னையும் தப்பவில்லை: 2003 மே 31 அன்று அங்கே 45 டிகிரி பதிவானது. ரியாத் கடகரேகைக்கும் வடக்கே இருப்பதால் அங்கே சூரியன் ஒருபோதும் நேர் உச்சிக்கு வருவதில்லை. ஆனாலும் கோடையில் பகல் நீளம், மேகம் கிடையாது, ஆவியாவதற்கு மண்ணில் ஈரமும் கிடையாது. விழுகிற வெயில் அத்தனையும் சூடாகவே மாறுகிறது.

இங்கேதான் மகன் கிளம்பும் மாதம் முக்கியமாகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி மேகம் கவிந்து, ஜூலை, ஆகஸ்டில் சாயங்கால இடிமழையும் பெய்து நம் பக்கம் தணியும்போது, ரியாத்தில் கோடை முற்றத் தொடங்கும். செப்டம்பர்வரை விடாது. ஒரே ஆண்டில் அவர் இரண்டு கோடையைப் பார்க்கப்போகிறார். நம் மே மாதத்தில் பழகிய உடம்போடு போவது நல்லதுதான். ஆனால் உடம்பு புது வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வெப்பத் தாக்கு பெரும்பாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களைத்தான் பிடிக்கிறது. முதல் வாரத்தில் வீரம் காட்ட வேண்டாம்.

ஆண்டுச் சராசரியை வைத்து ஒப்பிடுவது பெரிய ஏமாற்று. ரியாத்தின் சராசரி சுமார் 27 டிகிரி, வேலூருடையது 28ஐ ஒட்டி வரும். வேலூர்தான் சூடு என்று அந்தக் கணக்கு சொல்லும்! ரியாத்தின் ஜனவரி இரவுகள் 9 டிகிரிக்கு இறங்குவதால் வரும் மாயம் அது. நம் மார்கழி, தையில் 18க்கே போர்த்திக்கொள்கிறோம். ஸ்வெட்டரும் கனத்த போர்வையும் பெட்டியில் இருக்கட்டும். மழைக்கும் இதே பாடம்தான். எப்போதும் நனைந்துகொண்டிருக்கும் ஊர் என்று பேரெடுத்த லண்டனின் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். வேலூருக்கு அதைவிட அதிகம், ஏறக்குறைய 1,000. அங்கே ஆண்டு முழுவதும் தூறலாக விழுவது இங்கே சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அப்படிக் கொட்டுவதைப் பிடித்துவைக்கத்தான் உங்கள் ஊர் ஏரி அவ்வளவு பெரிதாக வெட்டப்பட்டது.

வாட்ஸ்அப்பில் கார் மீட்டர் 55 காட்டும் படங்கள் வரும், நம்பாதீர்கள். அது வெயிலில் நின்ற வண்டியின் சூடு. வானிலை நிலையங்களில் வெள்ளையடித்த, காற்றுப் புகும் மரப்பெட்டிக்குள், ஆள் உயரத்தை ஒட்டி, நிழலில் அளப்பார்கள். அப்படி அளந்தே குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவாகி, உலக வானிலை அமைப்பு அதைச் சரிபார்த்து ஏற்றது. ஊர்களை ஒப்பிட விரும்பினால் ஒரே மாதத்தின் 30 ஆண்டுச் சராசரியை, பகல், இரவு, ஈரப்பதம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாள் சாதனையை வைத்து ஊரை முடிவு செய்ய வேண்டாம்.

சவூதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 மணிவரை நேரடி வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. மகனின் வேலை கூரைக்குக் கீழே என்றாலும், அவருக்குக் கீழே யாராவது வெளியில் சுமை இறக்குவார்கள். சூப்பர்வைசர் என்ற முறையில் அந்தத் தடையை மதித்து நடப்பது அவர் பொறுப்பு. கேரளத்திலும் கோடையில் தொழிலாளர் துறை இதே போல நண்பகல் இடைவேளை உத்தரவு போடுகிறது. ஈரக்குமிழ் 27ஐத் தொடும் நம் வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில், ஏப்ரல், மே மாதங்களில் கட்டட வேலைக்கும் ரோடு வேலைக்கும் தோல் காயவைக்கும் களத்துக்கும் அதே மூன்று மணிநேர ஓய்வைக் கட்டாயமாக்க வேண்டும். 2024ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அடுத்த உத்தரவு இதுவாக இருக்கட்டும்.