மழலையின் மொழி அறிவோம்

ஆட்டிசம் ஒரு நோயன்று. மூளையின் வளர்ச்சியில் இளமையிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. தமிழில் இதனை 'மதியிறுக்கம்' என்றும் வழங்குவர். அச்சொல் இக்குழந்தைகளின் மனத்தைத் தவறாகக் காட்டிவிடக் கூடும் என்பதால், இங்கு ஆட்டிசம் என்றே குறிப்பிடுவோம். அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் லியோ கான்னர் 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இதனை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 2021ஆம் ஆண்டில் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நம் நாட்டின் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் குழந்தைக்கு 18 மாதமாகும்போதும் மூன்று வயதாகும்போதும் பெற்றோரிடம் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா? பிடித்த பொருளை விரலால் சுட்டிக் காட்டுகிறதா? இத்தகைய கேள்விகளுக்கான விடைகளைக் கொண்டே மேலும் பரிசோதனை தேவையா என முடிவு செய்வர். அதன்பின் தேவைப்படுவதுதான் ஆரம்பநிலை இடையீடு, அதாவது பள்ளி வயதுக்கு முன்பே தொடங்கும் ஆதரவு. பெற்றோரும் துறைசார்ந்தோரும் இணைந்து 1986இல் தோற்றுவித்த மலேசியத் தேசிய ஆட்டிசச் சங்கமான நாசோம் இத்துறையில் முன்னோடியாகும். கோலாலம்பூர், செந்தூலில் உள்ள ஜீனியஸ் குர்னியா மையமும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உதவி வருகிறது.

இத்தகைய மையத்தில் பணியாற்ற விரும்பும் பயிற்சியாளர் முதலில் கற்க வேண்டியது கற்பித்தலையன்று; கவனித்தலை. ஒரு சிறுவன் திடீரெனக் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு அழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். "பிடிவாதம்" என்று சொல்லிவிடுவது எளிது. பயிற்சி பெற்றவரோ அழுகைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று குறித்து வைப்பார். நான்கைந்து நாள் குறிப்பை ஒப்பிட்டால், ஒவ்வொரு முறையும் கைகழுவும் அறையின் உலர்த்தும் இயந்திரம் ஓடியிருப்பது தெரியவரலாம். அவன் அடம்பிடிக்கவில்லை, அந்த ஓசை அவனைத் தாக்கியிருக்கிறது.

அடுத்தது பொறுமை. பேசாத குழந்தைகளுக்காக 1985இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட படப்பரிமாற்ற முறையைப் பாருங்கள். இதன் முதற்கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் தேவை. ஒருவர் குழந்தைக்கு விருப்பமான பொருளுடன் எதிரில் அமர்வார். மற்றவர் பின்னால் இருந்து, குழந்தை பொருளை நோக்கிக் கை நீட்டும்போது, அக்கை படஅட்டையை எடுத்து எதிரில் இருப்பவரிடம் கொடுக்கும்படி வழிநடத்துவார். பின்னால் இருப்பவர் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. பேசினால் குழந்தை அவருடைய கட்டளைக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். தானாகக் கேட்கக் கற்காது. வாய் திறக்காமல் உதவுவது, பேசியே பழகிய நம்மவர்க்குச் சற்றுக் கடினமான பாடந்தான்! இதனை ஒருநாள் பயிலரங்கில் கற்றுவிட இயலாது. அனுபவமிக்கவர் அருகில் இருந்து பார்த்து, திருத்தி, மீண்டும் செய்யச் சொல்ல வேண்டும்.

சில குழந்தைகள் கேட்டதையே திரும்பச் சொல்வார்கள். "சாப்பிடுறியா?" என்று அம்மா கேட்பதைத் தினமும் கேட்ட குழந்தை, பசிக்கும்போது "சாப்பிடுறியா?" என்றே சொல்லும். முன்பு இதனைப் பொருளற்ற கிளிப்பேச்சு என்று கருதி, நிறுத்த முயன்றனர். 1980களில் பேரி பிரிசண்ட் என்னும் பேச்சுச் சிகிச்சை நிபுணர் முதலியோர் செய்த ஆய்வுகள், இத்தகைய பேச்சுக்குப் பெரும்பாலும் ஒரு நோக்கம் உண்டு என்று காட்டின. "எனக்குப் பசிக்குது" என்று பதிலுக்குச் சொல்லிக் காட்டுவதே இன்றைய பயிற்றுநரின் வழி.

இங்கே மொழிச் சிக்கலும் எழுகிறது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் புழங்கும். "பிள்ளை குழம்பிவிடும், வீட்டில் தமிழை நிறுத்துங்கள்" என்று நல்லெண்ணத்தோடு அறிவுரை கூறுவோர் உண்டு. ஆனால், இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சைக் கூடுதலாகத் தாமதப்படுத்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மாறாக, தமிழை நிறுத்தினால் பாட்டியும் தாத்தாவும் பேரப்பிள்ளையோடு பேச முடியாமல் போகும். குறைவாகவே பேசும் குழந்தைக்கு, பேசக்கூடிய ஆள்களும் குறைந்துவிட்டால் என்னாவது?

எனவே, பயிற்றுநர் வீட்டுச் சொற்களைக் கேட்டறிய வேண்டும். அட்டையில் 'நீர்' என்று இருந்து, வீட்டில் 'தண்ணி' என்றால் பயனில்லை. வெளிநாட்டுப் பெட்டியில் வரும் பனிமனிதன் படத்தைவிட, தோசையும் ரொட்டி சானாயும் மைலோவும் நம் குழந்தைக்கு நெருக்கமானவை.

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பை 1995ஆம் ஆண்டில் தொடங்கியது. எனினும், சிகிச்சையாளர்களின் தேவை இன்னும் தீரவில்லை. தமிழில் பேசிப் பயிற்சி தரக்கூடியவர்களோ மிகச் சிலரே. தனியார் மையங்களின் கட்டணமும் பல குடும்பங்களுக்கு எட்டாதது. அதனால்தான் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பதும் பயிற்றுநரின் பணியில் ஒரு பகுதியாகிவிட்டது. குளிப்பாட்டும்போது தண்ணீர்க் குவளையைச் சற்று நிறுத்திப் பிடித்து, குழந்தை பார்வையாலோ கையாலோ ஒலியாலோ கேட்கும்வரை காத்திருந்து, பிறகு "தண்ணி" என்று சொல்லி ஊற்றுவது எப்படி என்பதை அவர்கள் தாய்மார்களுக்குச் செய்து காட்டுகிறார்கள்.