கூத்து கற்பித்தவர்கள் தந்த பதில்

2012-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நமது சென்னை ரயில் நிலையத்தில் துக்கமான காட்சி ஒன்று காணப்பட்டது. தங்களைத் தாக்க வருகிறார்கள் என்ற வதந்தியைக் கேட்டு, வடகிழக்கு மாநிலங்களின் வாலிபரும் பெண்களும் பெட்டியும் கையுமாக ஊர் திரும்பினார்கள். பெங்களூரில் மூண்ட பீதி இங்கும் பரவியது. வதந்தி பொய்யே. ஆனால் அவர்கள் அதை ஏன் உடனே நம்பினார்கள்? முகத்தைப் பார்த்து "சீனாக்காரன்" என்று கேலி செய்யும் வழக்கத்தை அவர்கள் அன்றாடம் கண்டிருந்ததால் அன்றோ! 2014 ஜனவரியில், அருணாசலப் பிரதேசத்து மாணவர் நீடோ தானியா டில்லியில் தம் தலைமுடியைக் கேலி செய்தவர்களோடு மூண்ட சண்டையில் அடிபட்டு, மறுநாள் இறந்தார். 2020-ல் அதே முகச்சாயல் உள்ளவர்களைப் பார்த்து "கொரோனா" என்று கூவினார்கள்.

இனப்பகையின் முன்னால், பாட்டும் நாடகமும் கற்பிக்கிறவர்கள் என்ன செய்யக்கூடும்? இதற்கு அயலிலுள்ள இலங்கையைப் பார்ப்போம். அங்கே பகைக்கு இலக்கானவர்கள் தமிழர்.

1956-ல் அங்கே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், பேராதனைப் பல்கலைக்கழக ஆசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வடிவம் 'நாடகம' என்ற பழைய சிங்களக் கூத்து. அந்தக் கூத்தோ தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது. அதைக் கரையோரச் சிங்களரிடம் சேர்த்ததில் கத்தோலிக்கருக்குப் பங்குண்டு. ஆட்சிமொழியிலிருந்து தள்ளப்பட்ட தமிழின் கூத்து, சிங்கள மேடையின் பெருமையாக நின்றது! 1958-ல் கலவரம் வெடித்தது. அதன் பின்னும் அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், கிராமத்து அண்ணாவியார்களின் கூத்தை மாணவர்களுக்குப் பழக்கி, 1962-ல் 'கர்ணன் போர்' கூத்தை அரங்கேற்றினார்.

1965-ல் யாழ்ப்பாணத்தில் நீ. மரியசேவியர் அடிகளார் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். ஆண்டவருடைய பாடுகளின் நாடகத்தால் பெயர்பெற்ற மன்றம் அது. 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. மன்றமோ கதவை மூடிவிடவில்லை. வார்த்தைகளற்ற நாடகங்களைத் தயாரித்தது. வசனமே இல்லாததால் தமிழரும் சிங்களரும் அவற்றை ஒருங்கே விளங்கிக்கொள்ளலாம். சிங்களக் கலைஞரோடும் கைகோத்தது. அடிபட்ட பக்கம் முதலில் கை நீட்டுவது எளிதா? உறவினரைப் பறிகொடுத்த வீட்டாரிடம் கேட்டால் தெரியும்.

இதனால் யுத்தம் நின்றதா என்று சிலர் கேட்பார்கள். இல்லை, அது 2009 வரை நடந்தது. ஒரு நாடகத்திடம் அவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமுமல்ல. அடிகளார் 2021-ல் காலமானார். அவர் ஆரம்பித்த மன்றம் மறையவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலை செய்யும் வடகிழக்கு வாலிபர் பலர் கிறிஸ்தவர்களே. மிசோரம் ஆலயங்களில் நான்கு குரலாகப் பிரிந்து பாடுவதைச் சிறுவயதிலேயே பழகுகிறார்கள். நமது பாடகர் குழுவுக்கோ அது பெரும்பாடு!

இவ்வாரம் குடும்பமாகப் பேசுவதற்கு:

நம் பிள்ளைகள் அவர்களை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்? அந்தப் பெயரை எங்கே கற்றார்கள்? பூசைக்கு வரும் அவர்களில் ஒருவரிடம், கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை நமக்குக் கற்றுக்கொடுக்கும்படி யார் போய்க் கேட்பது?